சேலத்தில் கக்கூஸ் காமெடிப் பொருள் சேர்ப்பவர்கள் வேறு யாராவது உண்டா?

கொலுசுப்பட்டறை

தலைப்பைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறவர்கள் பொத்திக்கொள்ளலாம், எனக்குப் பழகிவிட்டது. தபால்தலை, பழைய நாணயம், தீப்பெட்டிப் படம் சேர்ப்பவர்களுக்கு நம் ஊரில் ஒரு மரியாதை இருக்கிறது. நான் சேர்ப்பது கக்கூஸ் சம்பந்தப்பட்ட வேடிக்கைப் பொருட்கள். பதினோரு வருடமாக. வீடு செவ்வாய்ப்பேட்டையில். கீழே வெள்ளிக் கொலுசுப் பட்டறை, மாடியில் ஒரு சுவர் அலமாரி முழுக்க இந்தச் சமாச்சாரம்தான்.

ஆரம்பித்தது என் கல்யாணத்தில். நண்பர்கள் பெரிய அட்டைப்பெட்டியில் ஒரு பரிசு கொடுத்தார்கள். மண்டபத்தில் எல்லார் முன்னாலும் பிரித்தால், வெஸ்டர்ன் டாய்லெட் வடிவத்தில் ஒரு காப்பிக் கோப்பை. என் மாமனார் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பீங்கான் நல்ல கனம்" என்று மட்டும் சொன்னார். தூக்கி எறிய மனசு வரவில்லை. அப்புறம் நண்பர்கள் எந்த ஊருக்குப் போனாலும் எனக்கென்று இதையே வாங்கிவர ஆரம்பித்தார்கள்.

இப்போது இருப்பதில் சில: காசு போட்டால் ஃப்ளஷ் சத்தம் வரும் உண்டியல். மூடியைத் திறந்தால் முகத்தில் தண்ணீர் பீய்ச்சும் பிளாஸ்டிக் பொம்மை (எல்.ஐ.சி. ஏஜெண்டுகளுக்கு மட்டும் காட்டுவேன்). ஜப்பானிலிருந்து வந்த தங்க நிற 'ரெண்டு' சாவிக்கொத்து. அங்கே அதற்கான சொல்லும் அதிர்ஷ்டத்துக்கான சொல்லும் ஒரே ஒலியில் தொடங்குவதால் ராசி என்று வைத்துக்கொள்கிறார்களாம். அப்புறம் ஒரு புகைப்படம், நானே எடுத்தது: 'இங்கு சிறுநீர் கழிக்காதே' என்று எழுதிய சுவரில் மழையில் 'க்காதே' மட்டும் கரைந்து போயிருக்கிறது. கீழே மூன்று பேர் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்துகொண்டிருக்கிறார்கள்.

நானே செய்தது ஒன்றும் உண்டு. கொலுசு வெட்டும்போது விழும் துண்டுகளை உருக்கிக் கட்டை விரல் அளவு வெள்ளி டாய்லெட். அப்பா பார்த்துவிட்டு, "லட்சுமி குடியிருக்கிற பட்டறையில் இதைச் செய்வாயா?" என்று கத்தினார். மறுநாள் காலையில் பார்த்தால் அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "மூடி என்றால் திறந்து மூட வேண்டாமா?" என்று கொலுசுத் திருகாணி மாதிரி ஒரு கீல் வைத்துப் பற்றவைத்துக் கொடுத்துவிட்டார். இப்போது என் சேகரிப்பிலேயே சிறந்தது அதுதான்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், போன வாரம் ஏற்காட்டில் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது, காயலான் கடைக்காரர் வழியாக ஒரு மரப்பெட்டி கிடைத்தது. ஈட்டி மரம். மூடியைத் தூக்கினால் நடுவில் வட்ட ஓட்டை, உள்ளே எனாமல் பாத்திரம். வெள்ளைக்காரர்கள் 'தண்டர் பாக்ஸ்' என்பார்களே, அதேதான். இடிப்பெட்டி! பெயரே பாதிச் சிரிப்பு.

கேட்க வந்தது இரண்டு. இதை எப்படிச் சுத்தம் செய்வது? நவம்பர் 19 உலகக் கழிப்பறை தினம். அன்றைக்கு மாடியில் எல்லாவற்றையும் பரப்பி ஒரு சின்னக் கண்காட்சி வைக்க நினைக்கிறேன், யாராவது வருவீர்களா?

தட்டுவடை_செட்

அண்ணா, இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது? ஏற்காட்டில் லேடிஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட் என்று மூன்றையும் மலை உச்சியில் வைத்து ஊரே டூர் போகிறது. உங்களுடையது நாலாவது சீட்.

குழாய்த்தம்பி_அம்மாபேட்டை

இருபத்திரண்டு வருடம் பிளம்பிங். இது என் சப்ஜெக்ட், விடுங்கள்.

முதல் விஷயம், ஆசிட் பக்கமே போகாதீர்கள். எனாமல் என்பது இரும்பின் மேல் கண்ணாடிப் பூச்சு. எங்கே சில்லு பெயர்ந்திருக்கிறதோ அங்கே ஆசிட் இரும்பைத் தின்றுவிடும், நாலு நாளில் ஓட்டை. பிளீச்சிங் பவுடரும் இரும்புக்கு ஆகாது. வெந்நீரில் சலவை சோடா கரைத்து ஊறவைத்து, தேங்காய் நாரால் தேயுங்கள். நன்றாகக் காயவிட்டு, சில்லு போன இடத்தில் மெழுகு தடவுங்கள்.

இரண்டாவது விஷயம் உயிர் விஷயம். ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றினால் இன்னும் வெள்ளையாகும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். வருவது குளோரின் வாயு. பூட்டிய பாத்ரூமில் அதைச் செய்து மயங்கி விழுந்த ஒருவரை நான் தூக்கி வெளியே போட்டிருக்கிறேன்.

மரத்தை ஊறவைக்கவே கூடாது. ஈரத்துணியில் துடைத்து நிழலில் காயவையுங்கள். அத்தனை வருடம் மூலையில் கிடந்த பெட்டிக்குள் எலிப் புழுக்கை இருக்கும், மாஸ்க் போட்டுக்கொண்டு திறங்கள்.

அப்புறம் என்னிடம் ஒரு பழைய ஒரிசா பேன் (குந்தி உட்காரும் பீங்கான்) இருக்கிறது, வடலூர் நெய்சர் கம்பெனி முத்திரை போட்டது. ஒரு வீடு இடித்தபோது உடையாமல் எடுத்தேன். பாதம் வைக்கும் இடத்தில் வரிவரியாக ஒரு வேலைப்பாடு, இப்போது வருகிறதில் அந்த நேர்த்தி இல்லை. காமெடிப் பொருள் இல்லைதான், ஆனால் என் வீட்டுக்காரி அதில் ரோஜாச்செடி வைத்திருக்கிறாள். அது கணக்கில் வருமா?

கொலுசுப்பட்டறை

ரோஜாவோடு வந்தால் முதல் வரிசையில் இடம்!

குகை_டீச்சர்

ஓய்வுபெற்ற தமிழாசிரியை. பேரன் இந்த இழையைக் காட்டிச் சிரித்தான். நான் முழுதும் படித்தேன்.

கக்கூஸ் என்பதை ஏதோ தமிழின் கொச்சைச் சொல் என்று நினைக்கிறோம். அது டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல், கக்ஹூய்ஸ். ஹூய்ஸ் என்றால் வீடு. முன்பாதியை நான் விளக்க வேண்டியதில்லை, அது எல்லா மொழிக் குழந்தைகளுக்கும் தெரியும். நம்மிடம் இருந்தது 'கொல்லைக்குப் போவது', 'வெளிக்குப் போவது'. நன்னூலில் இதற்கு இலக்கணமே இருக்கிறது, இடக்கரடக்கல். சபையில் சொல்லத் தகாததை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது. 'கால் கழுவி வந்தேன்' என்பதை வகுப்பில் உதாரணமாகச் சொன்னால் ஐம்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் குனிந்து சிரிப்பார்கள். முப்பது வருடப் பணியில் ஒரு வருடம்கூட இது தவறியதில்லை. இலக்கண வகுப்பில் தூங்காத ஒரே நாள் அது.

உங்கள் அலமாரியைப் பற்றி ஒரு வார்த்தை. இடக்கரடக்கல் மறைப்பதை நீங்கள் விளக்குப் போட்டுக் காட்டுகிறீர்கள். அதனால்தான் சிரிப்பு வருகிறது. தப்பாகச் சொல்லவில்லை.

ஓமலூர்_டு_சுவோன்

நான் கொரியாவில் சுவோன் நகரத்தில் வேலை செய்கிறேன். சேலத்துக்காரர் ஒருவர் இதைச் சேர்க்கிறார் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஊரில் ஒரு வீடே டாய்லெட் வடிவத்தில் இருக்கிறது. பெயர் ஹேவூஜே. கவலை தீர்க்கும் வீடு என்கிற மாதிரி அர்த்தம். அங்குள்ள புத்தக் கோயில்களில் கழிப்பறைக்கு 'கவலை தீர்க்கும் இடம்' என்றுதான் பெயராம். டீச்சர், இது கொரிய இடக்கரடக்கல்!

கட்டியவர் சிம் ஜே-டக், சுவோன் மேயராக இருந்தவர். 2007இல் தன் பழைய வீட்டை இடித்துவிட்டு மேலிருந்து பார்த்தால் கோப்பை மாதிரியே தெரியும்படி கட்டினார். 2009இல் அவர் இறந்த பிறகு வீடு நகராட்சிக்குப் போய் மியூசியம் ஆகிவிட்டது. சுற்றித் தோட்டத்தில் வெண்கலச் சிலைகள், எல்லாம் குந்திக்கொண்டு முக்குகிற மனிதர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வருகிறார்கள். நான் முதல் தடவை போனபோது மேச்சேரியிலிருந்து வந்திருந்த அம்மாவையும் கூட்டிப் போனேன். அம்மா ஒரு சிலையின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "பாவம், இவனுக்கு ஒரு டம்ளர் விளக்கெண்ணெய் கொடுக்க ஆள் இல்லையா" என்றார்.

அங்கே விற்கும் சாமானில் நாலு வாங்கி வைக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது தருகிறேன்.

சுவர்விளம்பரம்

நான் போர்டு எழுதுகிறவன், ஃப்ளெக்ஸ் வந்த பிறகு வேலை குறைவு. ஆனால் இந்தத் துறையில் நமக்கும் ஒரு பெரியவர் உண்டு. பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் துஷாம்ப், 1917இல் நியூயார்க் கண்காட்சிக்கு ஒரு பீங்கான் யூரினலைப் படுக்கவைத்து 'ஆர். மட்' என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினார். பணம் கட்டினால் யார் படைப்பையும் வைப்போம் என்று சொன்ன சங்கம் அதை மட்டும் வைக்கவில்லை. அசல் தொலைந்து போனது. இப்போது மியூசியங்களில் இருப்பவை 1964 வாக்கில் செய்த நகல்கள். தொலைந்த யூரினலுக்கு நகல் செய்து கண்ணாடிக்குள் வைத்ததுதான் அதில் பெரிய காமெடி என்பேன்.

அப்புறம் இத்தாலியச் சிற்பி கட்டலான், 2016இல் 18 காரட் தங்கத்தில் வேலை செய்யும் டாய்லெட்டே செய்து நியூயார்க் குகன்ஹைம் மியூசியத்தில் மாட்டினார். ஜனங்கள் வரிசையில் நின்று நிஜமாகவே போய்விட்டு வந்தார்கள். 2019இல் இங்கிலாந்தில் பிளென்ஹைம் அரண்மனையில் வைத்திருந்தபோது குழாயோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். தங்கம் திரும்பக் கிடைக்கவே இல்லை.

கொலுசு அண்ணா, உங்கள் வெள்ளி டாய்லெட்டைப் பூட்டி வையுங்கள்.

கொலுசுப்பட்டறை

பட்டறையில் தினமும் தூசியைக்கூடக் கூட்டி எடுத்து உருக்குகிறோம், அதெல்லாம் பத்திரமாக இருக்கும்.

எனக்குப் பிடித்தவர் இவர்கள் இரண்டு பேரும் இல்லை, டெக்சஸ் பார்னி ஸ்மித். ஓய்வுபெற்ற பிளம்பர். மான்கொம்பை மாட்ட ஒரு பலகை தேடியவருக்கு டாய்லெட் சீட் மூடி கையில் கிடைத்திருக்கிறது. அங்கிருந்து தொடங்கி ஆயிரத்து முந்நூறுக்கும் மேலே மூடிகளில் படமும் சாமானும் ஒட்டித் தன் வீட்டுக் காரேஜில் வைத்திருந்தார். 2019இல் 98 வயதில் போனார். அதற்கு முன்பே மொத்தத்தையும் ஒரே இடத்தில் வைக்கச் சம்மதித்தவர்களிடம் கொடுத்துவிட்டார். பிரித்து விற்கச் சம்மதிக்கவில்லை. சேர்க்கிறவனுக்குத்தான் அந்தப் பயம் தெரியும்.

தம்பி சுவர்விளம்பரம், ஒரு மூடியில் சேலம் ஜங்ஷனை வரைந்து தருவீர்களா?

சுவர்விளம்பரம்

மூடி நீங்கள் கொடுங்கள். புதுசு.

ஏற்காடு_காப்பி

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் தாத்தா ஒரு எஸ்டேட்டில் ரைட்டர். பழைய பங்களாக்களில் படுக்கையறையோடு ஒட்டி ஒரு பாத்ரூம் இருக்கும், அதற்கு வெளிப்பக்கமாக இன்னொரு சின்னக் கதவு இருக்கும். இன்றைக்கு ரிசார்ட் ஆக்கியவர்கள் அதை அடைத்துவிட்டு ஜன்னல் வைத்திருக்கிறார்கள். பெட்டி அந்தக் கதவை ஒட்டித்தான் இருக்கும்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் இதில் விளையாட்டும் நிறைய. படுக்கைக்கு அடியில் வைக்கும் பீங்கான் சட்டிக்குள் ஒரு கண்ணை வரைந்து, பார்த்ததை வெளியே சொல்ல மாட்டேன் என்று பாட்டு எழுதியிருப்பார்கள். நெப்போலியனோடு சண்டை நடந்த சமயத்தில் அடியில் அவர் முகத்தைப் போட்டு விற்றார்கள். தினமும் காலையில் எதிரியைப் பழிவாங்கலாம்.

தட்டுவடை_செட்

இந்த வியாபாரத்தை நம் ஊரில் தேர்தல் சமயத்தில் ஆரம்பித்தால் கோடீஸ்வரன்.

குகை_டீச்சர்

ஜெயிலுக்கும் போகலாம், தம்பி.

மேட்டுத்தெரு_பேரன்

இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

உண்டியல், கோப்பை எல்லாம் எனக்கும் சிரிப்புத்தான். சுவர் போட்டோவை என் மகளுக்குக் காட்டினேன். ஆனால் அந்த மரப்பெட்டிக்கு 'இடிப்பெட்டி' என்று பெயர் வைத்துச் சிரிப்பது எனக்கு ஒட்டவில்லை. ஏற்காடு காப்பி சார் சொன்ன வெளிக்கதவு யாருக்காக? சார் அதைச் சொல்லிவிட்டு நெப்போலியனுக்குப் போய்விட்டார்.

என் பாட்டி அந்த மாதிரிக் கதவு வழியாக உள்ளே போனவர். பங்களாவில் இல்லை, டவுனில். வீட்டுக்காரர் முகத்தை அவர் பார்த்ததில்லை, அவர்கள் பாட்டியின் முகத்தைப் பார்த்ததில்லை. தகர வாளி, சாம்பல், ஒரு தகட்டுத் துண்டு. எல்லாத் தெருவுக்கும் முன்பக்கம் ஒரு பெயர், பின்பக்கச் சந்துக்குப் பெயரே கிடையாது என்பார். மனிதக் கழிவை மனிதர் அள்ளக் கூடாது என்று சட்டம் வந்தது 1993இல். போதவில்லை என்று 2013இல் இன்னொரு சட்டம். இப்போதும் செப்டிக் டேங்கில் இறங்கிச் சாகிறார்கள்.

கண்காட்சியை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரே கேள்வி. பெட்டியின் எந்தப் பக்கத்தைப் பார்வையாளர் பக்கம் திருப்பி வைப்பீர்கள்?

ஏற்காடு_காப்பி

சொல்லாமல் தாண்டியது நிஜம். எஸ்டேட்டில் அந்த வேலைக்கு வந்த குடும்பத்துக்கு லைனிலும், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையிலும், வீடு கிடையாது, தள்ளித் தனியாக ஒரு கொட்டகை. சிறுவயதில் பார்த்திருக்கிறேன். எழுதும்போது கை தானாக நெப்போலியனுக்குப் போய்விட்டது.

கொலுசுப்பட்டறை

உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு மாடிக்குப் போனேன். இதுவரை அந்தப் பெட்டியை முன்பக்கம்தான் படம் எடுத்திருக்கிறேன். சுவரோடு ஒட்டி வைத்திருந்ததை இழுத்துத் திருப்பினேன்.

பின்னால் ஒரு அடி உயரத்தில் கதவு. மேல் மூடியின் கீல்கள் பித்தளை, அசல், இன்னும் ஆடவில்லை. பின்கதவின் கீல்கள் இரண்டும் இரும்பு. பழைய திருகு ஓட்டைகள் இரண்டு இடத்தில் அடைக்கப்பட்டிருக்கின்றன. அதாவது தேய்ந்து தேய்ந்து இரண்டு தடவையாவது மாற்றியிருக்கிறார்கள். கதவின் கீழ்விளிம்பில் ஈட்டி மரம் குழிந்திருக்கிறது. நாலு விரல் வைத்துப் பார்த்தேன், சரியாகப் பொருந்துகிறது. நான் பட்டறைக்காரன், எந்த இடத்தில் எத்தனை வருடம் கை பட்டிருக்கிறது என்று பார்த்தால் தெரியும்.

டெல்லியில் சுலப் கழிப்பறை மியூசியத்துக்கு ஒரு தடவை போயிருக்கிறேன். பதினாலாம் லூயியின் சிம்மாசன டாய்லெட் மாதிரி ஒன்று இருக்கிறது, எல்லாரும் அதனோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள், நானும் எடுத்தேன். அந்த மியூசியத்தை 1992இல் வைத்த பிந்தேஷ்வர் பாதக், 1970இல் சுலப் அமைப்பைத் தொடங்கியதே வாளிக் கக்கூஸை ஒழிக்கத்தான். அந்த வாளிக்கு மாற்றாக அவர் கொண்டுவந்த இரட்டைக்குழிக் கழிப்பறையின் மாதிரியும் அங்கே இருக்கிறது, அதன் பக்கம் கூட்டம் இல்லை. நானும் நிற்கவில்லை.

பின்பக்கம் தெரிகிற மாதிரி வைக்கிறேன். தனி மேஜையில், பொம்மைகளோடு சேர்க்காமல். பெயர் அட்டையை இன்னும் எழுதவில்லை. 'இடிப்பெட்டி' வேண்டாம்.

குகை_டீச்சர்

அட்டையை நான் எழுதித் தருகிறேன். இந்த ஒன்றுக்கு மட்டும் இடக்கரடக்கல் வேண்டாம். என்ன நடந்ததோ அதை அப்படியே எழுதுகிறேன். மேட்டுத்தெருத் தம்பி பார்த்துத் திருத்தட்டும்.

மேட்டுத்தெரு_பேரன்

சரிங்க டீச்சர். நாலு வரிக்கு மேல் வேண்டாம். நின்று படிக்க மாட்டார்கள்.

குழாய்த்தம்பி_அம்மாபேட்டை

இதையும் சொல்லிவிடுகிறேன். செப்டிக் டேங்க் அடைத்தால் "ஆளை இறக்குங்க" என்று என்னிடமே கேட்பவர்கள் இன்றும் உண்டு. வண்டி வைத்து உறிஞ்சினால் செலவு என்பார்கள். நான் அந்த வீட்டில் அப்புறம் குழாய் வேலையும் செய்வதில்லை. பேரன் சார், 19ஆம் தேதி வாருங்கள், நேரில் பேசலாம்.

தட்டுவடை_செட்

இவ்வளவுக்குப் பிறகு என் கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் முக்கியமானது. கண்காட்சிக்கு முப்பது பேர் வந்தால், அதில் யாருக்காவது அவசரம் என்றால், நிஜமாகவே போக இடம் இருக்கிறதா? தட்டுவடை செட் நான் கொண்டுவருகிறேன், காரச் சட்னியோடு. அதனால்தான் கேட்கிறேன்.

கொலுசுப்பட்டறை

மாடியில் ஒன்று, கீழே பட்டறைக்குப் பின்னால் ஒன்று. இரண்டும் இண்டியன். மாடியில் தாழ்ப்பாள் சரியில்லை, உள்ளே போனால் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். மேட்டூர்த் தண்ணீர் எங்கள் தெருவுக்கு அன்றைக்கு முறை இல்லை, முந்தின நாளே டிரம்மில் பிடித்து வைக்கிறேன்.

குழாய்த்தம்பி_அம்மாபேட்டை

தாழ்ப்பாளை நான் 18ஆம் தேதி வந்து மாற்றுகிறேன். உங்கள் பாட்டைக் கேட்க முடியாது.